எழுநூறு யூரோவும் ஏழு இரவுகளும்

கடன் வாங்கிப் படிக்கச் சென்றவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கலாமா? இக்கேள்வியை எங்களிடம் வேறு எவரும் கேட்கவில்லை. நாங்களேதான் கேட்டுக்கொண்டோம். அதற்கு விடை தேடிய கதை, எங்களைப் போன்ற இளந்தம்பதியர்க்கும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கும் பெற்றோர்க்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தில் இதை எழுதுகிறோம்.

மணமாகி எட்டாம் மாதம், 2022 அக்டோபரில், மேற்படிப்புக்காக ஜெர்மனி நாட்டின் ஆஹன் நகருக்கு இருவரும் சேர்ந்தே வந்தோம். பெல்ஜியமும் நெதர்லாந்தும் கைக்கெட்டும் தொலைவில் உள்ள எல்லை ஊர் அது. இந்நாட்டில் படிக்க வரும் அயல்நாட்டு மாணவர், தம் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். நாங்கள் வந்தபோது அத்தொகை ஆளுக்கு 10,332 யூரோ. மாதம் 861 யூரோ வீதம் அது நம் கைக்கே திரும்பி வரும். கல்விக் கடன் முழுவதும் அதற்கே சரியாய்ப் போயிற்று. விமானச் சீட்டுக்கும் விசாவுக்கும் குளிருடைக்கும் வழி என்ன? எங்களுள் ஒருவர்க்குத் தாயும் மற்றவர்க்கு மாமியாருமான அம்மாவின் நான்கு வளையல்கள் ஊர்க் கூட்டுறவு வங்கிக்கு அடகு போயின. "வெறுங்கையும் ஓர் அழகுதான்" என்று கூறி, அம்மா கண்ணாடி வளையல்களை அணிந்துகொண்டார்கள்.

ஆஹனில் சனிக்கிழமைதோறும் ஒருவர் சரக்குக் கிடங்கில் பெட்டி கட்டினார். மற்றவர் உணவகத்தில் தட்டுக் கழுவினார். அயல்நாட்டு மாணவர் ஆண்டுக்கு 120 முழு நாட்கள் அல்லது 240 அரை நாட்கள் மட்டுமே வேலை செய்யலாம் என்பது அன்றைய சட்டம். வாடகை, மருத்துவக் காப்பீடு, ரொட்டி, அரிசி எல்லாம் போக, 2023-ஆம் ஆண்டு முடிவில் எங்களிடம் மிஞ்சியது 1,400 யூரோ.

ஒன்பது நகரக் கனவு

அந்த டிசம்பர் மாதத்துக் குளிரிரவு ஒன்றில், கணினித் திரையில் ஐரோப்பிய வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். படிப்பு முடிந்து ஊர் திரும்பினால், இந்த மண்ணை மீண்டும் மிதிக்கும் வாய்ப்பு எப்போது வருமோ! மார்ச் மாதத்தில் வகுப்புகள் இல்லை. பன்னிரண்டு நாட்கள் கிடைக்கும். பிரசெல்ஸ், பாரிஸ், சூரிக், மிலான், வெனிஸ், உரோமை, வியன்னா, பிராகா, பெர்லின் என்று ஒன்பது ஊர்களை எழுதினோம். எழுதி முடித்ததும் போய்வந்துவிட்டது போன்ற மகிழ்ச்சி!

சட்டப்படி எங்களுக்குத் தடை ஏதும் இல்லை. 1985-இல் லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் கையெழுத்தான உடன்பாட்டின் பயனாக, ஜெர்மனியில் வசிக்கும் உரிமைச் சீட்டு வைத்திருப்பவர், அவ்வுடன்பாட்டில் சேர்ந்த பிற நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை தனி விசா இன்றித் தங்கலாம். கடவுச்சீட்டும் உரிமைச் சீட்டும் கையில் இருந்தால் போதும்.

தடையாக நின்றது பணந்தான். ஐரோப்பாவில் வசிப்பவர்க்கென்று 1972 முதல் 'இன்டர்ரெயில்' என்னும் இரயில் சீட்டு உண்டு. 28 வயது நிறையாதவர்க்கு அதில் சலுகையும் உண்டு. ஒரே சீட்டில் பல நாடுகள் என்றதும் எங்கள் ஆவல் பறந்தது. ஆனால் நன்றாகப் படித்துப் பார்த்தபோது, பிரான்சிலும் இத்தாலியிலும் விரைவு இரயில்களில் ஏற இருக்கைப் பதிவுக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. நாள்தோறும் நெடுந்தொலைவு செல்பவர்க்கே அச்சீட்டு ஆதாயம். மலிவு விமானங்களோ இன்னொரு பாடம் கற்பித்தன. பாரிஸ் என்று விளம்பரம் செய்யப்படும் போவே விமான நிலையம் பாரிசுக்கு எண்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பிராங்க்பர்ட் என்னும் பெயர் தாங்கிய ஹான் விமான நிலையம் அந்நகருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. சீட்டு விலை இருபது யூரோவாக இருக்கும். நகருக்குள் நுழையும் பேருந்துக் கட்டணம் ஏறத்தாழ அதே அளவு ஆகிவிடும்!

எப்படிக் கூட்டினாலும் ஒன்பது நகரங்களுக்கு 1,900 யூரோ ஆயிற்று. "இரவுப் பேருந்திலேயே தூங்கிக்கொள்வோம், அறை வாடகை மிஞ்சும்" என்றார் கணவர். பன்னிரண்டு இரவுகளில் ஆறு இரவுகளைப் பேருந்தில் கழித்தால் 1,400-க்குள் அடக்கிவிடலாம் என்று கணக்குக் காட்டினார். மனைவி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "இந்தக் கணக்கில் அத்தையின் வளையல் எந்த வரிசையில் வருகிறது?"

வளையல்களின் வட்டி

அன்றிரவு எங்களுக்குள் மனத்தாங்கல் வந்தது. மறைக்காமல் சொல்லுகிறோம். "வட்டியைத்தான் மாதந்தோறும் அனுப்புகிறோமே! முதலை வேலை கிடைத்ததும் கட்டப்போகிறோம். அதுவரை சிரிக்கவும் கூடாதா?" என்றார் ஒருவர். "சிரிக்கலாம், ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் சிரிக்கக் கூடாது" என்றார் மற்றவர். உண்மையும் அதுதான். இப்பயணத்தைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாதிப் பணம் செலவழித்துத் திரும்பிய பிறகு படங்களைக் காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்றே எண்ணியிருந்தோம்.

மூன்று நாட்கள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டோடு பேசும் நேரத்தில் எல்லாவற்றையும் சொன்னோம். சேர்த்த தொகை, செலவழிக்க நினைத்த தொகை, மறைக்க நினைத்தது எல்லாம். அப்பா சற்று நேரம் பேசவில்லை. அம்மாதான் பேசினார்கள்.

"வளையல் பெட்டியில் தூங்கினால் என்ன, வங்கியில் தூங்கினால் என்ன? அது ஓடிப்போகாது. உங்கள் வயது ஓடிப்போகும். போய் வாருங்கள், ராசா."

"அப்படிச் சொல்லாதீர்கள், அத்தை" என்றார் மனைவி. "எங்களுக்கு மனம் ஒப்பவில்லை."

அப்போது அப்பா தொலைபேசியை வாங்கினார்கள். "மனம் ஒப்பவில்லை என்றால் ஒப்புகிற மாதிரி செய்யுங்கள், அம்மா. பாதியை இங்கே அனுப்புங்கள். இரண்டு வளையலை மீட்கிறேன். மீதிப் பாதியில் எத்தனை ஊர் பார்க்க முடியுமோ அத்தனை பாருங்கள். கடன் முழுதும் தீர்ந்த பின்புதான் வாழ்வோம் என்றால், நம் போன்ற குடும்பத்தில் யாரும் வாழ முடியாது. கடனை மறந்து வாழ்ந்தாலும் குடும்பம் நிற்காது."

அப்பா நெல் வாணிகக் கடையில் முப்பதாண்டு கணக்கு எழுதியவர்கள். எங்கள் ஐந்தொகையை ஒரு நிமிடத்தில் நேர் செய்துவிட்டார்கள். மறுநாளே 700 யூரோவை அனுப்பினோம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 63,000 ரூபாய். எஞ்சிய 700 யூரோதான் எங்கள் பயணத்தின் எல்லை.

எதை விடுவது?

தொகை பாதியானதும் திட்டம் தெளிவாகிவிட்டது என்பதுதான் வியப்பு. முன்பு எதைச் சேர்ப்பது என்று பார்த்தோம். இப்போது எதை விடுவது என்று பார்த்தோம். சேர்க்கும்போது சண்டை வந்தது. விடும்போது ஒருவர் மனத்தை ஒருவர் கேட்க வேண்டியிருந்தது. "உனக்கு மிகவும் வேண்டியது ஒன்றைச் சொல்" என்று கணவர் கேட்டார். "உரோமை" என்றார் மனைவி. ஊரில் இரண்டு தாய்மார்களும் கேட்கப்போகும் முதற்கேள்வி அதுதான் அல்லவா! கணவர், கட்டடப் பொறியியல் மாணவர் ஆதலின், புளோரன்ஸ் நகரப் பேராலயத்தின் குவிமாடத்தைக் கேட்டார். அதைப் புருனெல்லஸ்கி என்பவர், தரையிலிருந்து எழுப்பும் மரச்சாரம் இன்றியே 1420 முதல் 1436 வரை கட்டி முடித்தார்.

அதன்பின் நான்கு விதிகளை வகுத்துக்கொண்டோம்.

முதலாவது, ஊர்கள் ஒரே கோட்டில் அமைய வேண்டும். போகும்போது மட்டும் விமானம். உரோமையில் இறங்கி, அங்கிருந்து வடக்கு நோக்கித் தரைவழியே வீடு திரும்புவது. போன வழியே திரும்பி வந்தால் அதற்கும் ஒரு கட்டணம் உண்டு.

இரண்டாவது, ஜெர்மனிக்குள் பணம் செலவாகக் கூடாது. 2023 மே மாதம் முதல் நாடெங்கும் உள்ளூர், வட்டார இரயில்களில் செல்லுபடியாகும் மாதச் சீட்டு நடைமுறைக்கு வந்திருந்தது. அப்போது அதன் விலை 49 யூரோ. படிப்புக்கும் வேலைக்குமாக அதை எப்படியும் வாங்கி வைத்திருந்தோம். விரைவு இரயிலில் ஏற முடியாது. மியூனிக்கிலிருந்து ஆஹனுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல், பல இடங்களில் வண்டி மாறி வர வேண்டும். ஆனால் ஒரு காசும் கூடுதல் இல்லை.

மூன்றாவது, நாட்காட்டியைப் பார்க்காமல் நாள் குறிக்கக் கூடாது. இத்தாலியில் அரசுக்குரிய அருங்காட்சியகங்களிலும் தொல்லிடங்களிலும் மாதத்தின் முதல் ஞாயிறன்று கட்டணம் இல்லை. 2024 மார்ச் மாதத்தில் அது 3-ஆம் தேதி. அன்று உரோமையில் இருக்கும்படி புறப்பாட்டை அமைத்தோம். மார்ச் தொடக்கத்தில் கூட்டமும் குறைவு. அறை வாடகையும் குறைவு.

நான்காவது, விலையை வாசல் முதல் வாசல் வரை எழுத வேண்டும். விமானச் சீட்டோடு, விமான நிலையப் பேருந்தையும் எழுத வேண்டும்.

இவ்வாறு எழுதியபோது கணக்கு இப்படி வந்தது: போக்குவரத்து 244 யூரோ, தங்குமிடம் 296, உணவு, எட்டு நாட்களுக்கு இருவர்க்கும் நாளுக்கு 14 வீதம், 112, நகரப் பேருந்தும் நுழைவுக் கட்டணமும் 30, எதிர்பாராத செலவு 18. ஆக 700. உரோமையில் மூன்று இரவு, புளோரன்சில் ஒன்று, வெரோனாவில் இரண்டு, மியூனிக்கில் நண்பர் வீட்டுக் கூடத்தில் ஒன்று.

வெரோனா எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முதலில் அது வழியில் வரும் மலிவான ஊர் என்பதற்காகவே சேர்த்தோம். வெனிஸ் அறை வாடகை எங்களுக்கு எட்டவில்லை. வரைபடத்தில் வெரோனாவைச் சுற்றி விரலை நகர்த்திய மனைவி, திடீரென்று நிறுத்தினார். "காஸ்திலியோனே! இது பள்ளிப் பாடத்தில் படித்த பெயர் அல்லவா?"

ஆம், காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி என்னும் பெயரோடு 1680 நவம்பர் 8-ஆம் நாள் பிறந்த ஊர். அன்று மாலையே வீட்டுக்குச் சொன்னோம். எங்கள் ஊருக்கு ஏலாக்குறிச்சி அதிகத் தொலைவில் இல்லை. கொள்ளிடத்தின் வடகரையில் முனிவர் பணிபுரிந்த இடம் அது. "நம் ஏலாக்குறிச்சிச் சாமியார் ஊரா?" என்று அம்மா கேட்ட குரலை இன்னும் மறக்க முடியவில்லை. "எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். அந்த ஊர் எப்படி இருக்கிறது என்று மட்டும் வந்து சொல்லுங்கள்."

காலுக்கும் ஒரு பத்தி

திட்டம் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும், புறப்பட்ட நாளிலேயே அது ஒரு குட்டு வாங்கிற்று. உணவுச் செலவைக் குறைக்க, ஒரு புட்டி நிறையப் புளிக்காய்ச்சல் செய்து பையில் வைத்திருந்தோம். விமான நிலையச் சோதனையில் அதை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மப் பொருள் கைப்பையில் கூடாது என்பது அன்று அங்கிருந்த விதி. குழம்பு போன்றதும் அதில் அடங்கும். இவ்விதி எங்களுக்குத் தெரியும். ஆனால் புளிக்காய்ச்சலை நீர்மம் என்று எங்கள் மனம் எண்ணவேயில்லை! எங்கள் கண்ணெதிரே அது குப்பைக்குப் போயிற்று. இட்லிப் பொடி தப்பிற்று. அடுத்த எட்டு நாட்களும் ரொட்டிக்கு அதுவே துணை.

உரோமையில் ஒரு கன்னியர் மடத்தின் விருந்தினர் இல்லத்தில் தங்கினோம். இரவு பதினொரு மணிக்குக் கதவடைப்பார்கள். சிறிய அறை, வெண்ணிறச் சுவர், இரண்டு கட்டில். தூய்மைக்குக் குறைவில்லை. வந்தவுடன் தெரிந்த செய்தி, இத்தாலிய நகரங்களில் தங்குவோர் அறை வாடகைக்கு மேல், ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி கட்ட வேண்டும் என்பது. பதிவு செய்தபோது அது அடியில் சிறிய எழுத்தில் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. மூன்று ஊர்களுக்கும் சேர்ந்து அது 42 யூரோ ஆயிற்று. பந்தியோன் என்னும் பழங்காலக் கோயிலுக்குக் கட்டணம் இல்லை என்று நண்பர் தந்த பழைய கையேடு சொல்லிற்று. 2023 ஜூலை முதல் ஆளுக்கு 5 யூரோ என்று வாசலில் இருந்த பலகை சொல்லிற்று. பழைய கையேட்டை நம்பிக் கணக்கு எழுதலாகாது.

பணமில்லாதவனுக்கும் உரோமை சில கொடைகளை வைத்திருக்கிறது. தெருமுனைகளில் வார்ப்பிரும்பாலான குடிநீர்க் குழாய்கள் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கின்றன. 'நசோனே', அதாவது 'பெரிய மூக்கு' என்று அவற்றுக்குப் பெயர். நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை உண்டு என்கிறார்கள். தண்ணீருக்கு ஒரு காசும் செலவில்லை. காப்பிக் கடையில் நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை; மேசையில் அமர்ந்தால் வேறு விலை. நின்றே குடித்தோம். தூய பேதுரு பேராலயத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. வரிசையில் ஒரு மணி நேரம் நின்று உள்ளே சென்றோம். இரண்டு தாய்மாரையும் நினைத்து அங்கே சற்று முழங்காலில் இருந்தோம்.

ஞாயிறன்று கொலோசியம். இலவச நாள் என்பதால் விடியற்காலையிலேயே வரிசை. நகரப் பேருந்துக்கு ஆளுக்கு 1.50 யூரோ. போகவர இருவர்க்கும் 6 யூரோ மிச்சப்படுத்த, மடத்திலிருந்து நடந்தே சென்றோம். பழைய அரங்கையும் ஃபோரம் என்னும் இடிபாடுகளையும் சுற்றிவிட்டு, நடந்தே திரும்பினோம். பாதி வழியில் மனைவி ஒரு படிக்கட்டில் அமர்ந்து காலணியைக் கழற்றினார். குதிகால் தோலுரிந்து இரத்தம் கசிந்திருந்தது. காலையிலேயே வலித்திருக்கிறது. "நீங்கள் கணக்கு எழுதிக்கொண்டே வந்தீர்கள்; சொன்னால் வருந்துவீர்கள் என்று சொல்லவில்லை" என்றார்.

மருந்துக் கடையில் கட்டுத்துணிக்கும் களிம்புக்கும் 11 யூரோ ஆயிற்று. ஆறை மிச்சப்படுத்தி பதினொன்றை இழந்தோம். அன்று மாலைப் பொழுதையும் அறையில் இழந்தோம். அந்தப் பதினொரு யூரோவைக் காட்டிலும் கணவரை வருத்தியது, வலியைச் சொல்லத் தயங்கும் அளவுக்குத் தம் கணக்கு மனைவியை அச்சுறுத்தியிருக்கிறது என்பதே. அன்றிரவு கணக்கேட்டில் புதிதாக ஒரு பத்தி வரைந்தோம். தலைப்பு 'கால்'. நாள்தோறும் மாலையில் ஒருவரை ஒருவர் கேட்டு, களைப்பையும் வலியையும் அதில் எழுத வேண்டும். அந்தப் பத்தி நிறைந்துவிட்டால், மறுநாள் பார்க்க வேண்டியதில் ஒன்றை அடித்துவிட வேண்டும். அவ்விதிப்படி புளோரன்சில் குவிமாடத்தின் உச்சிக்கு ஏறவில்லை, 463 படிகள். ஆர்னோ ஆற்றின் அக்கரையில் உள்ள மேட்டுத் திடலில் உட்கார்ந்து, மாலை வெயிலில் அதன் செந்நிற ஓடுகளைப் பார்த்தோம். கணவர் ஒரு மணி நேரம் குவிமாடத்தின் கட்டுமானத்தை விளக்கினார். காலுக்கும் ஓய்வு, காசுக்கும் ஓய்வு.

உரோமையிலிருந்து புளோரன்சுக்கு வட்டார இரயிலில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. விரைவு இரயில் ஒன்றரை மணியில் போய்விடும், விலையும் அதற்கேற்றபடி. பொறியில் வாங்கிய காகிதச் சீட்டை, நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் நுழைத்து நேரமுத்திரை இட்ட பின்புதான் ஏற வேண்டும், மறந்தால் அபராதம். எங்கள் விழிப்பைக் கண்ட ஒரு முதிய அம்மையார், மொழி தெரியாமலேயே, எங்கள் கையிலிருந்து சீட்டை வாங்கி முத்திரையிட்டுக் கொடுத்தார். இரயிலில் அவருக்கு இட்லிப் பொடி தடவிய ரொட்டித் துண்டொன்றைக் கொடுத்தோம். கண்ணில் நீர் வர உண்டார். மீண்டும் கை நீட்டினார்!

முனிவர் பிறந்த ஊர்

வெரோனாவிலிருந்து மேற்கே, கார்தா ஏரிக் கரையில் உள்ள டெசென்சானோ வரை இரயில். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பேருந்து. தாழ்ந்த குன்றுகளின் சரிவில் அமைந்த அமைதியான ஊர் காஸ்திலியோனே. மாந்துவா மாவட்டத்தைச் சேர்ந்தது. திராட்சைக் கொடிகள் இன்னும் தளிர்க்கவில்லை. சுற்றுலாக் கூட்டம் இல்லை. படம் எடுக்க வரிசை இல்லை. அறிவு வளர்ந்த உலகம் இவ்வூரை இரண்டு காரணங்களுக்காக அறியும். ஒன்று, 1568-இல் புனித அலோசியுஸ் கொன்சாகா இங்கே பிறந்தது. மற்றொன்று, 1859 ஜூன் 24-ஆம் நாள் அருகிலுள்ள சொல்ஃபெரீனோவில் நடந்த பெரும்போர். காயமுற்றவர்கள் ஆயிரக்கணக்கில் இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டபோது, ஊர்ப் பெண்கள் எந்த நாட்டுப் படைவீரன் என்று பாராமல் பணிவிடை செய்தார்கள். அவர்களோடு சேர்ந்து உழைத்த சுவிட்சர்லாந்து வணிகர் ஹென்றி துனாந்தின் உள்ளத்தில்தான் செஞ்சிலுவைச் சங்கம் கருக்கொண்டது. அதற்கென ஓர் அருங்காட்சியகமும் அங்குண்டு.

வீரமாமுனிவரைப் பற்றிக் கேட்க ரொட்டிக் கடை ஒன்றில் நுழைந்தோம். "பெஸ்கி" என்றோம். கடைக்காரர் தலையசைத்தார், தெரியவில்லை. மனைவி ஒரு தாளில் 'வீரமாமுனிவர்' என்று தமிழில் எழுதிக் காட்டி, கைபேசியின் மொழிபெயர்ப்பு உதவியோடு, "இந்த எழுத்தைக் கற்று, இந்த மொழிக்கு அகராதி செய்தவர் உங்கள் ஊரில் பிறந்தவர்" என்றார். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு எங்களை ஒலிக்கச் சொன்னார். பிறகு அதைக் கல்லாப் பெட்டிக்கு மேலே சுவரில் செருகி வைத்துக்கொண்டார். ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பேருந்துக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கோவில் படியில் அமர்ந்து எண்ணிப் பார்த்தோம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சரிவை விட்டுக் கப்பலேறியவர், திரும்பி வரும் சீட்டு இன்றியே சென்றார், திரும்பவும் இல்லை. நம் ஊரின் வெயிலில் அமர்ந்து நம் மொழியைக் கற்றார். நாமோ, எட்டு நாள் பயணத்துக்கு மாதக்கணக்கில் திட்டம் போட்டுவிட்டு, ஆறு யூரோவுக்காகக் காலைப் புண்ணாக்கிக்கொண்டோம்! சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டோம். உரோமையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருப்போம். இச்சிற்றூரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். "தெருவில் கல் பாவியிருக்கிறதா? வீட்டுக்கு முன்னால் திண்ணை உண்டா? கிணறு உண்டா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் குன்றைக் காட்டினோம். அப்போது திரையில் அம்மாவின் கை தெரிந்தது. கண்ணாடி வளையல்களுக்கு இடையே, கைக்கு ஒன்றாக மீட்ட வளையல்கள்.

கணக்கு முடித்தபோது

வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாய் வழியாக மியூனிக் வந்தோம். 1,370 மீட்டர் உயரத்தில், பனி மூடிய மலைகளுக்கிடையே இரயில் ஊர்ந்தது. முன்பதிவால் மலிவாகக் கிடைத்த அச்சீட்டில், சுவிட்சர்லாந்தைப் பார்க்கவில்லையே என்னும் குறையும் பாதி தீர்ந்தது. ஆஸ்திரியாவைக் கடந்ததும் ஜெர்மானியக் காவலர் ஏறிக் கடவுச்சீட்டுகளைப் பார்த்தனர். உடன்பாடு எதுவாயினும், பையின் அடியில் புதைக்காமல் கையருகே சீட்டுகளை வைத்திருப்பதே அறிவுடைமை. மறுநாள் மியூனிக்கில் விடியுமுன் ஏறி, வண்டி மாறி மாறி, இருட்டிய பிறகு ஆஹன் வந்து சேர்ந்தோம்.

கணக்கில் 31 யூரோ துண்டு விழுந்தது. நகர வரி 42, மருந்து 11. எதிர்பாராத செலவுக்கென வைத்த 18-ஐயும், உணவில் மிஞ்சிய 4-ஐயும் கழித்தால் மீதி அது. அந்த வாரச் சனிக்கிழமை கூடுதல் நேரம் உழைத்து நிரப்பினோம். எஞ்சிய இரண்டு வளையல்கள், எங்களுள் ஒருவர்க்கு வேலை கிடைத்த மூன்றாம் மாதத்தில் வீடு திரும்பின.

எங்களைப் போல் படிக்கும் தம்பதியர் பலர், பயணத் திட்டம் பற்றி இப்போது எங்களைக் கேட்கிறார்கள். மலிவு விமானம் எது, விடுதி எது என்று கேட்கிறார்கள். அவற்றைச் சொல்லுகிறோம். விலைகள் ஆண்டுதோறும் மாறும். 49 யூரோவாக இருந்த மாதச் சீட்டே அதன்பின் இருமுறை உயர்ந்துவிட்டது. அதனால் எங்கள் தொகைகளை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம் என்கிறோம். முதலில் மூன்று பேச்சைப் பேசி முடியுங்கள் என்று மட்டும் வற்புறுத்துகிறோம். வீட்டில் என்ன கடன் இருக்கிறது, அதற்கு எவ்வளவு என்பது முதற்பேச்சு. உனக்கு மிகவும் வேண்டிய ஒன்று எது என்பது இரண்டாவது. கால் வலித்தால் சொல்வாயா என்பது மூன்றாவது. இம்மூன்றும் பேசப்பட்ட பிறகு ஒன்பது நகரங்கள் மூன்றாகலாம், ஒன்றாகவும் ஆகலாம். எங்கள் ஐந்தொகையில் அவ்வாறு அடிபட்ட எட்டு நகரங்களுக்காக இன்றுவரை நாங்கள் வருந்தியதில்லை.

அந்தக் கணக்கேடு இன்னும் எங்களிடம் இருக்கிறது. வீட்டுச் செலவுக்கும் இப்போது அதையே பயன்படுத்துகிறோம். 'கால்' என்னும் பத்தியை மட்டும் அழிக்கவில்லை. மாலைதோறும் ஒருவரை ஒருவர் கேட்டு, அதை நிரப்பிவருகிறோம்.